தண்டனை முடிந்த பிறகு

1995 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் தேதி பள்ளிக்கூடம் விடும் வேளையில், லண்டன் மாநகரத்தின் மெய்டா வேல் பகுதியிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளியின் தலைமையாசிரியர் பிலிப் லாரன்ஸ், தம் மாணவன் ஒருவனை வாசலில் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு அடிப்பதைக் கண்டு விலக்கிவிடப் போனார். போன இடத்தில் கத்திக்குத்துப் பட்டு அன்றிரவே காலமானார். குத்தியவனுக்கு அப்போது வயது 15. இத்தாலியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தேசத்துத் தாய்க்கும் இத்தாலியில் பிறந்து, ஐந்தாறு வயதிலேயே தாயுடன் லண்டனுக்கு வந்து, எழுத்தையும் பேச்சையும் தெருச்சண்டையையும் அந்த ஊரிலேயே கற்றுக்கொண்டவன் அவன். சிறுவனாகையால் காலவரையறையற்ற காவல், அதிலும் குறைந்தது 12 ஆண்டுகள் என்று தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் கழியும் தறுவாயில், வெளியே வந்ததும் அவனை இத்தாலிக்கே அனுப்பிவிடுவதென்று பிரிட்டிஷ் அரசு தீர்மானிக்க, அவன் மேல்முறையீடு செய்ய, 2007 ஆகஸ்டில் குடியேற்றத் தீர்ப்பாயம் அவனை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டது. மனம் நொறுங்கிப் போனதாகச் சொன்னார் லாரன்ஸின் துணைவியார். அந்தத் துக்கத்துக்கு எந்தச் சாசனத்தின் எந்த ஷரத்தும் ஆறுதல் சொல்லிவிட முடியாது. சொல்லப் புகுவதும் அநாகரிகம்.

ஆனால் அவருடைய துக்கத்தைத் தம் வாதத்துக்கு ஆயுதமாக எடுத்துக்கொண்டவர்கள் விஷயத்தில் இவ்வளவு மரியாதை காட்ட வேண்டியதில்லை. 1998 ஆம் ஆண்டின் மனித உரிமைச் சட்டம் கொலைகாரனைக் காப்பாற்றிவிட்டது என்று மறுநாளே கூக்குரல் எழுந்தது. தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதன் பிரதான ஆதாரம் ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரஜைகள் ஒன்றியத்துக்குள் நடமாடுவதற்கும் தங்குவதற்கும் உள்ள உரிமை பற்றிய விதிகளே. நெடுங்காலம் வசித்துவிட்ட ஒன்றியப் பிரஜையை வெளியேற்றுவதற்கு அவ்விதிகள் மிகக் கடுமையான நிபந்தனைகளை வைத்திருந்தன. குடும்ப வாழ்வுக்கான மனித உரிமை அதற்கு அடுத்தபடியாகவே வந்தது. அவ்விதிகளை இயற்றுவதில் பங்குகொண்டதும், மனித உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், நாடு கடத்தும் ஆணை பிறப்பித்ததும், தீர்ப்பு வந்தபின் அதிர்ச்சி தெரிவித்ததும் ஒரே அரசாங்கம் என்பதைக் கவனிக்க அந்தப் பரபரப்பில் யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இந்த வழக்கை முதலில் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் குற்றவாளிகளை நாடு கடத்தும் அதிகாரத்தையும் மனித உரிமைச் சட்டத்தையும் துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்துச் சீர்தூக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள், இரு சாராரும், தமக்குச் சௌகரியமான உதாரணங்களையே தேடிக்கொள்கிறார்கள். ஒரு சாராரின் உதாரணத்தில் அற்பத் திருட்டுக்காகத் துரத்தப்படும் ஏழைத் தகப்பன் வருகிறான். மற்றவரின் உதாரணத்தில் நேற்று வந்து இன்று கொலை செய்த கொடியவன் வருகிறான். மெய்டா வேல் சம்பவத்திலோ மாண்டவர் எவ்விதத்திலும் குறை சொல்ல முடியாத மனிதர். கொன்றவனும் எந்த நியாயமான அர்த்தத்திலும் இத்தாலியன் அல்லன். இத்தாலி அவனைப் பெற்றதோடு சரி. அவன் கையில் கத்தி ஏறிய தெரு இங்கிலாந்தில் இருக்கிறது. அவனைத் திருத்தத் தவறிய பள்ளிகளும் அதிகாரிகளும் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள். அவனை ரோமாபுரிக்கு விமானம் ஏற்றிவிடுவது இங்கிலாந்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தாலும், இத்தாலியின் பார்வையில் அது, வளர்த்தவர்கள் தங்கள் வீட்டுத் தொல்லையை அண்டை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவதே.

சட்டத்தின் மீது பழிபோடுவதற்கு நிர்வாகத்தின் அலட்சியமே பல சமயங்களில் காரணமாக இருந்திருக்கிறது. 1999 முதல் 2006 மார்ச் வரை 1,023 வெளிநாட்டுக் கைதிகள், அவர்களை நாடு கடத்தலாமா கூடாதா என்று ஒருவரும் ஒரு கணமும் யோசிக்காமலேயே பிரிட்டிஷ் சிறைகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்கள் என்பது வெளியானபோது, உள்துறை அமைச்சர் சார்ல்ஸ் கிளார்க் அந்த ஆண்டு மே மாதத்தில் பதவி இழந்தார். இந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் விஷயத்தில் எந்த நீதிபதியும் குறுக்கே நிற்கவில்லை. காகிதம் நகரவில்லை, அவ்வளவுதான். ஆயினும் அதன் விளைவாக வந்தது காகிதத்தை நகர்த்தும் சீர்திருத்தம் அன்று, புதியதொரு சட்டம். 12 மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவர் தாமாகவே நாடு கடத்தலுக்கு உரியவராகிவிடுவார் என்று 2007 ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டம் விதித்தது.

பூனைக் கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2011 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டில், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே, செல்லப் பூனை ஒன்று வைத்திருந்த காரணத்தினால் ஒருவரை நாடு கடத்த முடியாமற் போயிற்று என்று முழங்கினார். சபை சிரித்தது, கைதட்டியது. அந்தப் பொலிவியர் தப்பியதற்கு மெய்யான காரணமோ, மணமின்றிச் சேர்ந்து வாழும் துணைவர்கள் குறித்து உள்துறை தானே வகுத்து வைத்திருந்த ஒரு கொள்கையை அது தானே பின்பற்றத் தவறியதுதான். இருவரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள் என்பதற்குச் சொல்லப்பட்ட பல விவரங்களில் பூனையும் ஒன்று. பொலிவிய எலிகளோடு பழகிக்கொள்ள வேண்டிய பயம் அந்தப் பூனைக்கு இனி இல்லை என்று நீதிபதி தம் தீர்ப்பில் விளையாட்டாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியே சனியனாக வந்து சேர்ந்தது. தீர்ப்புக்கும் பூனைக்கும் சம்பந்தமில்லை என்று நீதித்துறை அலுவலகம் அன்றே விளக்கம் வெளியிட்டும் பயனில்லை. நீதிபதிகள் தீர்ப்பில் ஹாஸ்யம் எழுதக் கூடாது என்பதைத் தவிர வேறெந்தப் படிப்பினையும் இதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் பொதுஜன அபிப்பிராயத்தில் பெரும்பகுதி இத்தகைய பூனைகளைக் கொண்டே உருவாகிறது.

சீர்தூக்குதல் என்று பொதுவாகப் பேசும்போது முற்றிலும் வேறான இரு விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். 1950 இல் ரோமாபுரியில் கையொப்பமான ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தில் — அதன் வாசகத்தை ஆக்கியவர்களில் முக்கியமான ஒருவர் டேவிட் மாக்ஸ்வெல் ஃபைஃப் என்ற பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் வழக்கறிஞர் என்பதை இன்றைய கன்சர்வேடிவ்கள் நினைத்துக்கொள்வது நல்லது — மூன்றாம் ஷரத்து சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற நடத்தையையும் தடுக்கிறது. எட்டாம் ஷரத்து தனிவாழ்வையும் குடும்ப வாழ்வையும் மதிக்கச் சொல்கிறது. முன்னதற்கு விதிவிலக்கே கிடையாது. பின்னதற்கு, தேசப் பாதுகாப்பு, குற்றத்தடுப்பு, பிறரின் உரிமை எனப் பல விலக்குகள் அந்த ஷரத்திலேயே எழுதப்பட்டுள்ளன. ஆகவே எட்டாம் ஷரத்தில் எடைபோடுதல் என்பது நீதிபதியின் கருணையால் நிகழ்வதன்று, சாசனமே இட்ட கட்டளை. மூன்றாம் ஷரத்திலோ எடைபோடுவதற்கு இடமே வைக்கப்படவில்லை.

அந்த இடமின்மையை அரசாங்கங்கள் ஒருநாளும் மனமார ஏற்றுக்கொண்டதில்லை. அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலத்தில் 1985 இல் தன் காதலியின் பெற்றோரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு இங்கிலாந்தில் பிடிபட்ட ஜெர்மானிய இளைஞர் ஒருவரை, மரண தண்டனைக் கொட்டடியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலைக்கு ஒப்படைப்பது மூன்றாம் ஷரத்தை மீறுவதாகும் என்று 1989 ஜூலையில் ஸ்டிராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சோரிங் வழக்கில் தீர்ப்பளித்தது. தண்டிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. மரண தண்டனை கேட்பதில்லை என்று அமெரிக்கா வாக்களித்ததும் அவர் அனுப்பப்பட்டார். இரண்டு ஆயுள் தண்டனைகள் பெற்றார். முப்பதாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்குப் பின் 2019 இல் பரோலில் விடப்பட்டபோது, வெளிநாட்டுக் குற்றவாளி என்ற முறையில் அமெரிக்கா அவரை ஜெர்மனிக்கு நாடு கடத்திற்று. விதியின் இந்த வளைவைக் கற்பனைக் கதையில் எழுதினால் விமர்சகர்கள் நம்ப மாட்டார்கள்.

நமக்கு நெருக்கமானது சஹல் வழக்கு, ஏனெனில் அதில் திருப்பி அனுப்ப அஞ்சத்தக்க தேசமாகச் சொல்லப்பட்டது இந்தியா. 1971 இல் இங்கிலாந்துக்கு வந்து குடியிருந்த சஹல் என்ற சீக்கியர், 1984 இல் பஞ்சாபுக்குச் சென்றிருந்தபோது போலீஸாரால் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர். பிற்பாடு பிரிவினை இயக்கத்தோடு அவருக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட தொடர்பினால் தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் நேரும் என்று கூறி, அவரை நாடு கடத்தும் பொருட்டு 1990 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்படியே இருந்தார். 1996 நவம்பரில் ஸ்டிராஸ்பர்க்கின் 12 நீதிபதிகள் அவரை அனுப்பக் கூடாது என்றார்கள். ஏழு பேர் மாறுபட்டார்கள். மாறுபட்டவர்கள் கொடூரர்கள் அல்லர். தன் கையால் சித்திரவதை செய்யும் அரசுக்கும், தன் மண்ணிலிருந்து ஒருவரை அகற்றுவதனால் வேறோர் அரசின் கையில் அவருக்கு நேரக்கூடிய துன்பத்துக்குப் பொறுப்பாகும் அரசுக்கும் பேதம் உண்டு, பின்னதில் பாதுகாப்பையும் அபாயத்தையும் எடைபோட இடம் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க இயலாத வாதம்தான். ஆனால் எடைபோடத் தொடங்கிவிட்டால், எந்த அளவு அபாயத்துக்கு எந்த அளவு வதை ஈடு என்று யாராவது கணக்கிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுகிறவர் நீதிபதியாக இருப்பதால் அது நீதியாகிவிடாது. ஒருவரைச் சிறையில் வைக்கலாம், விசாரிக்கலாம், கண்காணிக்கலாம். வதைக்கூடத்தின் வாயில் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்ளும் வசதி மட்டுமே ஓர் அரசுக்கு இங்கே மறுக்கப்படுகிறது. இது பெரிய இழப்பென்று நான் எண்ணவில்லை.

கனடா இவ்விஷயத்தில் வேறு வழியில் போயிற்று. விடுதலைப் புலிகளுக்காக நிதி திரட்டியவர் என்று சொல்லப்பட்ட ஈழத்தமிழ் அகதி ஒருவரின் வழக்கில், சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2002 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டு, அசாதாரணமான சூழ்நிலைகளில் அதற்கு நியாயம் இருக்கக்கூடும் என்று ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தது. சுரேஷ் வழக்கின் அந்தச் சிறு கதவு வழியே யார் புகலாம் என்பதைச் சட்டமாணவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

சித்திரவதை விஷயத்தில் காட்டப்படும் பிடிவாதம் பயனற்றது என்பவர்களுக்கு ஜோர்தானிய மதபோதகர் அபு கத்தாதாவின் வழக்கை நினைவூட்டலாம். பிறரைச் சித்திரவதை செய்து பெற்ற வாக்குமூலங்கள் அவருக்கு எதிரான சாட்சியமாகும் அபாயம் இருக்கும்வரை அவரை அனுப்பலாகாது என்று 2012 ஜனவரியில் ஸ்டிராஸ்பர்க் கூறியதும், பிரிட்டனில் எழுந்த கோபம் சாமானியமானதன்று. அரசாங்கம் வேறு வழியின்றி ஜோர்தானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, அத்தகைய சாட்சியத்தைத் தடுக்க ஏற்பாடு செய்தது. 2013 ஜூலையில் அவர் விமானம் ஏறினார். அடுத்த ஆண்டில் ஜோர்தானிய நீதிமன்றமே இரண்டு வழக்குகளிலும் அவரை விடுதலை செய்தது. அவருடைய போதனைகளை எவ்வளவு வெறுத்தாலும், இந்த வரலாற்றில் வெற்றி பெற்றது யாரென்று யோசித்தால், ஒரு தேசத்தின் நீதிமுறை ஓரளவு சுத்தமானது என்ற விடையே எனக்குக் கிடைக்கிறது.

இனி எட்டாம் ஷரத்து. மெய்யான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பல்கேரியாவில் பிறந்து ஆறு வயதில் பெற்றோருடன் ஆஸ்திரியாவுக்கு வந்த ஒரு சிறுவன், 14, 15 வயதில் போதைப் பழக்கத்துக்குக் காசு தேடி, நாணயம் போட்டுப் பொருள் எடுக்கும் இயந்திரங்களையும் கடைகளையும் கார்களையும் உடைத்துத் திருடினான். வன்முறைக் குற்றங்கள் என்று சொல்லத்தக்கவை அதில் ஏறக்குறைய இல்லை. ஆஸ்திரியா அவனுக்குச் சிறைவாசம் கொடுத்ததோடு பத்தாண்டு நுழைவுத்தடையும் விதித்து, 2003 டிசம்பரில் சோஃபியா நகருக்கு அனுப்பிவிட்டது. பல்கேரியாவில் பள்ளிக்கூடமே போயிராத அவனுக்கு அந்த மொழியின் சிரிலிக் எழுத்துகள் தெரியாது. தன் சொந்த தேசம் என்று சொல்லப்பட்ட ஊரில் கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியாதவனாக அவன் போய் இறங்கினான். குழந்தைப் பருவத்திலிருந்தே சட்டப்படி வாழ்ந்துவந்த ஒருவரை வெளியேற்றுவதற்கு மிக வலுவான காரணங்கள் வேண்டும், சிறார் குற்றத்தில் திருத்துவதே தலையாய நோக்கமாக இருக்க வேண்டும் என்று 2008 ஜூனில் ஸ்டிராஸ்பர்க் பேரமர்வு 16 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இதற்கு இரண்டாண்டு முன்னர் அதே பேரமர்வு கேட்ட நெதர்லாந்து வழக்கு வேறு விதமானது. பன்னிரண்டு வயதில் தாயுடன் வந்து சேர்ந்த ஒரு துருக்கியர், 1993 இல் காப்பிக்கடைச் சச்சரவு ஒன்றில் ஒருவரைச் சுட்டுக் கொன்று இன்னொருவரைக் காயப்படுத்தி ஏழாண்டுச் சிறைத்தண்டனை அடைந்தார். டச்சுப் பெண்ணொருத்தியோடு அவருக்கு இரண்டு மகன்கள். தண்டனை முடிந்ததும் அவரை வெளியேற்றி, பத்தாண்டு தடையும் விதித்தார்கள். அதில் உரிமை மீறல் இல்லை என்றது பெரும்பான்மை. குழந்தைகளின் நலன், தாய்நாட்டிலும் குடியேறிய நாட்டிலும் உள்ள உறவுகளின் ஆழம், குற்றத்தின் கடுமை, அதன் பின் கழிந்த காலமும் நடத்தையும், வாழ்க்கைத்துணையின் தேசியம் என்று பார்க்க வேண்டியவற்றை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டே அவ்வாறு சொன்னது. மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. இதே குற்றத்தைச் செய்த டச்சுக்காரருக்குத் தண்டனை சிறையோடு முடிந்துவிட, இவருக்கு மட்டும் அதற்குமேல் ஒரு தண்டனை எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சட்டம் எப்போதும் சொல்லும் விடை, நாடு கடத்துதல் தண்டனை அன்று, பாதுகாப்புக்கான நிர்வாக நடவடிக்கை என்பது. இந்த விடையை நான் வெகுநாள் நம்ப முயன்றதுண்டு. ஆனால் அனுபவிக்கிறவனுக்குத் தண்டனையாகவும், விதிக்கிறவனுக்கு நிர்வாகமாகவும் இருக்கும் ஒன்றை, விதிக்கிறவனின் பெயரைக் கொண்டு மட்டும் அழைப்பது நியாய சாஸ்திரத்தில் சரியாகாது. அதோடு, நாடு கடத்துதல் பூர்வத்தில் தண்டனையாகத்தான் இருந்தது. 1788 தொடங்கி 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளைக் கப்பலேற்றிய தேசம் பிரிட்டன்; மருது சகோதரர்களின் கிளர்ச்சியை அடக்கிய கையோடு 1802 இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்டோரைப் பினாங்குத் தீவுக்கு அனுப்பியதும் அதன் கிழக்கிந்தியக் கம்பெனிதான். சொந்தப் பிரஜையை நாடு கடத்தும் வழக்கம் மறைந்துவிட்டது. வெளிநாட்டவரிடத்தில் மட்டும் அது எஞ்சி நிற்கிறது. இரண்டுங்கெட்டானாக நிற்பவர் குழந்தைப் பருவத்தில் வந்து வளர்ந்தவரே. அவருடைய விஷயத்தில், அவரை ஆளாக்கிய தேசமே அவருடைய குற்றத்துக்கும் ஒருவகையில் தகப்பன் என்ற அந்த மூவரின் சாய்வுதான் எனக்கும். முப்பது வயதில் வந்து, இரண்டாண்டில் கஞ்சா வியாபாரம் தொடங்கியவரிடம் இந்தச் சாய்வு எனக்கு இல்லை. அவரை அவர் தேசத்துக்கு அனுப்புவதில், வதைக்கப்பட மாட்டார் என்பது உறுதியானால், கூச்சப்பட ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் இந்தச் சீர்தூக்கலை நீதிபதிகளின் கையிலிருந்து பறிக்க 2014 இல் ஒரு சூத்திரம் எழுதிற்று. நான்காண்டுக்குக் குறைந்த தண்டனை பெற்றவராயின், அவருடைய துணைக்கோ குழந்தைக்கோ விளையும் இன்னல் அளவுக்கு மீறிய கடுமையுடையதாக இருந்தால் அவர் தங்கலாம்; நான்காண்டும் அதற்கு மேலுமாயின், அதனினும் வலிய காரணங்கள் வேண்டும். அளவுக்கு மீறிய கடுமை என்றால் என்ன? தகப்பனைப் பிரிந்த குழந்தை அழும், பள்ளியில் பின்தங்கும், இரவில் படுக்கையை நனைக்கும். இவையெல்லாம் நாடு கடத்தலின் சாதாரண விளைவுகள் என்றும், சாதாரணத்துக்கு மேல் என்ன உண்டு என்றும் அரசு வழக்கறிஞர் கேட்பார். தகப்பன் செய்த குற்றத்தின் பாரத்தைக் குழந்தையின் இன்னலை அளக்கையில் சேர்த்து எண்ணலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தெளிவாக்க வேண்டியிருந்தது. எல்லாக் குழந்தைகளின் சராசரித் துயரம் என்ற ஒரு கற்பனை அளவுகோலை வைத்து ஒரு குழந்தையை அளக்காதீர்கள் என்று 2022 இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் பாமரனுக்கும் தெரிந்த உண்மைகள். அவற்றைச் சொல்ல நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இருமுறை கூட வேண்டியிருந்ததென்றால், சூத்திரத்தை எழுதியவர்கள் குழந்தைகளை எந்தத் தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்பது விளங்கும்.

2020 பிப்ரவரியில் ஜமைக்காவுக்குப் புறப்படவிருந்த தனி விமானத்தில் ஏற்றப்படுவதற்காகப் பலர் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய தடுப்புக்காவல் மையங்களில் வைக்கப்பட்டிருந்தார்கள்; சிறுவயதில் பிரிட்டனுக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்பகுதியில் செல்பேசிக் கோபுரம் ஒன்று பழுதாகி, கைதிகளுக்குத் தந்திருந்த கைபேசிகளில் சிக்னல் வரவில்லை. வழக்கறிஞரோடு பேச வழியில்லை. சிக்னல் கிடைத்தவர்களை மட்டுமே ஏற்றலாம் என்று முறையீட்டு நீதிமன்றம் இரவோடிரவாகத் தடை விதிக்க, 17 பேரோடு விமானம் புறப்பட்டது. வரிப்பணம் வீணாயிற்று என்று வழக்கம்போல் கோபித்தார்கள். என் கவனம் சென்றதோ வேறிடத்துக்கு: எடைபோடுவது என்று நாம் பெரிய வார்த்தைகளில் பேசும் அந்தக் காரியம், நடைமுறையில், ஒரு மனிதர் ஒரு வக்கீலோடு விமானம் கிளம்புமுன் அரைமணி நேரம் பேச முடிந்ததா இல்லையா என்பதில் முடிகிறது.

2025 இல் இரண்டு செய்திகள் வந்தன. மே மாதத்தில் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள், குற்றம் செய்த வெளிநாட்டவரை வெளியேற்ற ஸ்டிராஸ்பர்க் நீதிமன்றம் தங்களுக்கு இன்னும் இடம் கொடுக்க வேண்டுமென்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். ஆகஸ்டிலோ பிரிட்டிஷ் அரசு, வெளிநாட்டுக் கைதிகளைத் தண்டனை விதித்த உடனேயே, சிறையில் வைக்காமலேயே நாடு கடத்த உத்தேசிப்பதாக அறிவித்தது. ஆயுள் கைதிகளுக்கு இது பொருந்தாது. மற்றவர்கள் தத்தம் நாட்டில் இறங்கிச் சுதந்திரமாக நடந்துபோகலாம். சிறைச்சாலைகள் நிரம்பி வழிவதும் செலவும் இதற்குக் காரணங்கள். நாடு கடத்தலை வேண்டும் என்றவர்கள் இதுவரை பாதிக்கப்பட்டவர்களின் பெயராலேயே பேசி வந்தார்கள். இந்த ஏற்பாட்டின்படி ஒரு கொள்ளைக்காரன் ஒருநாளும் சிறையில் இராமல் தன் ஊருக்கு இலவசமாகப் போய்ச் சேரும்போது, கொள்ளை கொடுத்தவர் வீட்டில் எந்த நியாயம் மிஞ்சும்?

மேற்கத்திய நாடுகளின் இந்தத் தடுமாற்றங்களைக் கண்டு நாம் திருப்திப்பட்டுக்கொள்ள இடமில்லை. ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு வரம்பற்றது என்று நம் உச்ச நீதிமன்றம் 1955 இல் கூறியது. உயிருக்கான உரிமை பிரஜை அல்லாதாருக்கும் உண்டென்று 1996 இல் சக்மா அகதிகளின் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் தங்கும் உரிமை அதில் அடங்காது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நாம் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997 இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறோம், இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2025 மே மாதத்தில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஏழாண்டுத் தண்டனையை முடித்துவிட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், தம் மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டபோது, உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அன்று என்று சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மனைவி மக்கள் என்ற சொற்கள் அங்கே எடைபோடப்படவில்லை. தட்டில் வைக்கவே இல்லை.

ராஜீவ் கொலை வழக்கின் கடைசிக் கட்டத்தை நம்மில் பெரும்பாலோர் அரசியலாகவே படித்தோம். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அது நேரடியான உதாரணம் என்று அப்போது தோன்றவில்லை. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்த ஆறு பேரில் நால்வர் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் சிறையிலிருந்து வெளிவந்த கையோடு திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதை முகாம் என்று அரசாங்கம் அழைக்கிறது. பூட்டும் காவலும் உள்ள இடத்துக்கு வேறு பெயர்கள் தமிழில் உண்டு. அவர்களில் சாந்தன் நாடு கடத்தலை எதிர்க்கவில்லை, கெஞ்சினார்: யாழ்ப்பாணத்தில் வயோதிகத் தாயைப் பார்க்க அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஓராண்டுக்கு மேல் கழிந்து அனுமதி வந்து சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில், ஈரல் நோயால் இறந்துபோனார். முருகனின் நிலை நேர்மாறு. மனைவி நளினி இந்தியக் குடிமகள், மகள் பிரிட்டனில். குடும்பமாக மகளிடம் போய்ச் சேர வழிகேட்டு மனுக்கள் போட்டுக்கொண்டிருந்த நிலையில், 2024 ஏப்ரல் 3 அன்று ராபர்ட் பயாஸ், ஜெயக்குமார் ஆகியோருடன் அவர் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். இவர்கள் செய்த குற்றம் எவ்வளவு பெரியது, அதில் ஒவ்வொருவர் பங்கு எவ்வளவு என்பது பற்றி வாசகர்களுக்கு அவரவர் கருத்து இருக்கும். எனக்கும் உண்டு, அதை இங்கே சொல்வதாக இல்லை. போக விரும்பியவரை வைத்திருந்தும், சேர்ந்து வாழ விரும்பியவர்களைப் பிரித்தும், இரண்டையும் ஒரே அதிகாரம் ஒரே சட்டத்தின் கீழ்ச் செய்தது. மனைவியின் தேசியம் என்ன, முப்பதாண்டில் இவர் எப்படி நடந்துகொண்டார், பிள்ளை எங்கே இருக்கிறது என்று நெதர்லாந்து வழக்கில் கேட்ட கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் காகிதத்தில் எழுதிவைத்து, பிறகு அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்ய வேண்டிய கடமையை, 1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் எந்த அதிகாரி தலையிலும் சுமத்தவில்லை; அதை நீக்கிவிட்டு 2025 இல் வந்த புதிய சட்டமும் சுமத்தவில்லை.